மார்பிள் மேசையும் மாடித் தரையும்

இந்த வீட்டுக்குள் மார்பிள் மேசை வரக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். அதை மனைவியிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

என் எதிர்ப்பு நியாயமானது. எங்கள் சாப்பாட்டு மேசை, மடக்கு மேசை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அதை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு தலையணையோடு விழுந்துவிடுவேன். கல் மேசையை யார் மடக்குவது?

கடையில் அவள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. வெள்ளைக் கல். சாம்பல் நிற ரேகைகள். கறுப்புக் கல்லில் ஒற்றைக் கால். நான் கல்லுளிமங்கனாக நின்றேன்.

"எடை எவ்வளவு?"

"இருநூற்றுப் பத்து கிலோ சார்!" என்றார் கடைக்காரர், தானே சுமந்து வந்தது போல.

எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. எங்களுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில், ஒரு கட்டட இன்ஜினியர். கல்லைத்தானே மடக்க முடியாது? மனுஷனை மடக்கலாமே. படிக்கட்டில் வைத்து மடக்கினேன்.

"சார், எங்க தரை மார்பிள் மேசையைத் தாங்காதுன்னு என் மனைவிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"தாங்குமே?"

"தரை தாங்கும். நான் தாங்க மாட்டேன்."

அவரும் ஒருத்திக்குக் கணவர். புரிந்துகொண்டார்.

மறுநாள் மாலை வந்தார். தரையைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"தாங்காதும்மா. ஏற்கெனவே பாரம் அதிகம்."

"அடடா" என்றாள் மனைவி. "அப்ப பாரத்தைக் குறைச்சா தாங்குமா சார்?"

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் இன்ஜினியரைப் பார்த்தேன். இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

"கு... குறைச்சா தாங்கும்."

"எவ்வளவு குறைக்கணும்?"

"மேசை எவ்வளவோ, அவ்வளவு."

"ரொம்ப நன்றி சார். பளிங்கு மாதிரி விளக்கிட்டீங்க."

சனிக்கிழமை காலை, குளியலறையிலிருந்த எடை மெஷின் கூடத்துக்கு வந்தது. என் சொத்துகள் ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறின.

"என்னங்க, இந்த இரும்புத் தட்டெல்லாம் எதுக்கு?"

"உடற்பயிற்சிக்கு."

"கடைசியா எப்ப தூக்கினீங்க?"

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு."

"அறுபது கிலோ. இந்த மீன் தொட்டி?"

"மீன் வாங்கணும்."

"எட்டு வருஷமா அது நீந்தி வந்துக்கிட்டே இருக்கு. நாற்பது."

ஓடாத ரேடியோக்கள் ஏழு: இருபத்தைந்து. பழைய பத்திரிகைக் கட்டுகள்: ஐம்பது. சாவி தொலைந்த இரும்புப் பெட்டி: முப்பத்தைந்து.

"உன் தையல் மெஷினையும் எடை போடலாமே?" என்றேன்.

"தாராளமா. ஆனா இருநூற்றுப் பத்து ஆயிடுச்சே!"

பழைய சாமான்காரர் நான்கு நடை இறங்கினார். பிற்பகலில் மேசை ஏறியது. ஆறு பேர் மூச்சிரைக்கத் தூக்கி வந்து, அவள் விரல் காட்டிய இடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இறக்கினார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாடி இன்ஜினியரையும் அவர் மனைவியையும் அழைத்திருந்தாள். அந்த அம்மா கல்லைத் தடவிப் பார்த்தார்.

"எங்க மேசை இதைவிடப் பெரிசு. ஆனா ரேகை இதுலதான் அழகு."

என் தண்ணீர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"உங்க வீட்டுல... மார்பிள் மேசையா?"

"ஆறு வருஷமா உங்க தலைக்கு மேலதான் இருக்கு! அதைப் பார்த்துத்தானே இவங்களுக்கும் ஆசை வந்தது?"

இன்ஜினியர் தலையைத் தட்டுக்குள் கவிழ்த்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் கேட்டேன்: "அப்ப, தரை தாங்கும்னு உனக்கு முதல்லயே தெரியும்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு என் சாமானையெல்லாம் தூக்கிப் போட்ட?"

அவள் ஈரத் துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பத்து வருஷமா அதுக்கு ஒரு காரணம் தேடிட்டிருந்தேன். நீங்கதான் ஆளையே கூட்டிட்டு வந்தீங்க."