ஒடியலும் பிட்கொயினும்

நேற்று எனக்கிருந்த வேலை ஒன்றே ஒன்று: ஒடியல் காயவைப்பது.

பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் சுக்காகக் காயவிட்டால் ஒடியல். கனடாவிலிருக்கும் மகளுக்கு அதில் கூழ் காய்ச்ச வேண்டுமாம். கொண்டுபோகிறவர் நாளை புறப்படுகிறார். எங்கள் ஊரான சுருவிலிலோ காலந்தவறிய மழை. அரைகுறையாகக் காய்ந்ததை அனுப்பினால் போய்ச் சேருமுன் பூஞ்சணம் பிடித்துவிடும்.

விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்ற மூளை உடனே விழித்துக்கொண்டது.

சுவிசிலிருந்து திரும்பிய என் தம்பி தவம், எங்கள் வீட்டுப் பின்னறையில் பிட்கொயின் இயந்திரம் ஒன்றை ஓட்டுகிறான். அந்த நாணயத்தின் கொடுக்கல் வாங்கலில் எவரும் கள்ளவேலை செய்யாமல் காவல் காப்பது அதன் பணியாம். கூலியாகப் புதிய நாணயம் கிடைக்குமாம். நான் கண்டவரையில் அதன் பணி, ஓயாமல் சூடான காற்றை ஊதுவது.

அரிசி புடைக்கும் சுளகு நிறைய ஒடியலைப் பரப்பி, அந்தக் காற்று வரும் வாயை ஒட்டியே வைத்தேன்.

சற்று நேரத்தில் இயந்திரம் மூச்சடைத்து நின்றுவிட்டது. கைபேசியில் எச்சரிக்கை வந்ததும் தவம் குசினிப் பக்கத்திலிருந்து ஓடிவந்தான், சுளகைக் கண்டான்.

"அக்கா, நீங்கள் விஞ்ஞானம்தானே படிப்பிச்சனீங்கள்?"

காற்றோட்டம் என்ற பாடத்தை அந்த நேரத்தில் நான் மறந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. சுளகை விலக்குகிறேன், மறுபடி போடு என்றேன். போடமாட்டானாம். காவற்கூலி சில ஆண்டுகளுக்கொருமுறை பாதியாகுமாம். இப்போது மின்கட்டணத்துக்கே காணாதாம். நின்றது நின்றதாகவே இருக்கட்டுமாம்.

சுளகில் ஒடியல் இன்னும் ஈரமாகவே கிடந்தது. எனக்குத் திடீரென்று உலகக் கவலை வந்தது.

"கூலி குறையுதெண்டு எல்லாரும் உன்னைப்போல நிப்பாட்டினால் காவலுக்கு ஆர் நிக்கிறது? கள்ளன் வந்தால்?"

"அதுதான் அக்கா பெரிய கேள்வி. பாவிக்கிற ஆக்கள் குடுக்கிற கட்டணம் கூடினால் நிப்பினம். கூடாட்டி ஆர் நட்டத்துக்கு நிக்கிறது?"

நிற்பார்கள் என்றேன். பொறுப்புணர்ச்சி, பொதுநலன், வருங்காலச் சந்ததி என்று ஒரு முழுப் பாடவேளையே எடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, சுளகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப கரண்ட் காசு நீங்கள் கட்டுறியளோ?"

என் ஓய்வூதியத்தை ஒருமுறை மனத்தில் நினைத்துக்கொண்டு, ஓம் என்றேன்.

இயந்திரம் மீண்டும் உறுமியது. இம்முறை சுளகை ஒரு முழம் தள்ளி வைத்தேன்.

பிட்கொயினின் நீண்டகாலப் பாதுகாப்பை நான் அறியேன். ஒடியல் காயும்வரை சுருவிலில் காவல் உண்டு.