நான் நிறுத்திய இன்டர்நெட்

வாய் திறக்கத் தயங்குகிற மனிதன் கைக்கு எட்டும் தூரத்தில் எந்த சுவிட்சையும் வைக்கக் கூடாது. என்னைப் பார்த்த பிறகு எங்கள் ஊர் படப்பையில் பல பேர் ஒப்புக்கொண்ட உண்மை இது.

நான் படித்தது ஐந்தாவது வரை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பாகங்கள் வரிசையாக நகர்ந்து வரும் லைனில் வேலை. அங்கே ஒரு வழக்கம்: ஓடுகிற லைனில் யார் தப்பைப் பார்த்தாலும் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிடலாம். யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் விளக்க வேண்டாம். (சூப்பர்வைசருக்கு வணக்கம் சொல்வதற்குள் வியர்த்துப் போகிற எனக்கு அது கடவுள் கொடுத்த வரம்.)

அப்போது செல்போன் எல்லார் கையிலும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது தரைவழி போன். திடீரென்று ஒரு வாரம், முன்பின் தெரியாத ஆண் குரல்கள், ஒன்பதாவது படிக்கும் என் மகள் செல்வியைக் கேட்க ஆரம்பித்தன.

"ஸ்கூலும் வாணாம், ஒண்ணும் வாணாம். வூட்டோட கெடக்கட்டும்" என்று அழுதாள் என் மனைவி.

செல்வி அழவில்லை. "எவனோ இன்டர்நெட்ல என் போட்டோவும் நம்ம நம்பரும் போட்டுகிறானாம்ப்பா. எந்தப் பக்கம்னு ஃப்ரெண்டு சொன்னா. வா, போய்ப் பாக்கலாம்" என்று என்னை மேரி மேடத்தின் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனாள்.

பக்கம் திறந்தது. பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படத்தில் என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எங்கள் போன் நம்பர். அதற்கும் கீழே, நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கவே கூடாத வரிகள்.

என் கை என்னைக் கேட்கவில்லை. கதவோரம் இருந்த மெயின் சுவிட்சை இழுத்துவிட்டேன். மூலையில் ஒரு பெட்டி கீ கீ என்று கத்தியது. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓட்டும் பேட்டரியாம். கடமையில் குறை வைக்கக் கூடாதென்று அதையும் அணைத்தேன்.

"ஏல, எவம்ல அது? ஒரு மணி நேரமா வேலைக்கு ஃபார்ம் அடிச்சேன், கடைசிப் பக்கம்ல!" என்று இருட்டில் ஒரு திருநெல்வேலிக் குரல் அலறியது.

மேடம் ஓடி வந்தார். "இன்னாண்ணே பண்ணீங்க?"

"நிறுத்திட்டேன் மேடம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "இனிமே யாரும் பாக்க முடியாது."

பிறகு அதே திருநெல்வேலிக் குரல் பணிவாகக் கேட்டது: "அண்ணாச்சி, அப்ப அமெரிக்காக்காரனும் இருட்டுலதான் உக்காந்திருக்கானா?"

கடையே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. "இது உங்க கம்பெனி லைன் இல்லப்பா. இங்க அணைச்சா மத்த எடத்துல ஓடிக்கினேதான் இருக்கும்" என்று என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

சுவிட்சை மறுபடி போட்டு கரண்ட் வந்ததும், "அந்தப் பக்கமே போவாத பாப்பா, விட்டுடு" என்றார் மேடம்.

"இல்ல மேடம், மொதல்ல பிரின்ட் எடுக்கணும். நாளைக்கு அவனே தூக்கிட்டான்னா நம்மகிட்ட இன்னா சாட்சி கீது?"

பிரின்ட் எடுத்தாள். பக்கத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டாள். அந்தத் தளத்துக்காரர்களுக்கே, தான் பள்ளிக்கூடப் பிள்ளை, படத்தை நீக்குங்கள் என்று இங்கிலீஷில் புகார் அனுப்பினாள். அங்கிருந்து நேராக போலீஸ் ஸ்டேஷன். வாசலில் என் கால் நின்றுவிட்டது. அவள் கால் நிற்கவில்லை.

"நீ எதுக்கும்மா போட்டோவ வெளில குடுத்த?" என்றார் ஏட்டு.

"நான் குடுக்கல சார். ஸ்கூல்ல எடுத்தது. என்னை ஏன் சார் கேக்குறீங்க? போட்டவனைக் கேளுங்க."

ஏட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். (அன்று நான் ஆற்றிய சொற்பொழிவு அவ்வளவுதான்.) அவர் பேனாவை எடுத்தார்.

சில நாளில் படம் போய்விட்டது. போட்டவன், விழாவுக்குப் படம் எடுத்த ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன், ஸ்டேஷனில் வந்து நின்றான். மறுநாள் காலை என் மனைவியே செல்விக்கு டிபன் பாக்ஸ் கட்டினாள். பள்ளிக்கூடம் நிற்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் எப்போது கரண்ட் போனாலும் ஒரே கேள்விதான்: "செல்வி அப்பா இன்னாத்தப் பாத்தாரு?"

செல்வியின் கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது மண்டபமே இருண்டது. ஜெனரேட்டர் ஓடி விளக்கு வந்தபோது பார்த்தால், மாப்பிள்ளை வீட்டார் உட்பட அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாம்பார் சோறு அப்பிய கையையும் சேர்த்து, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.