நாலாவது மானிட்டர்

இந்த இருபத்தொன்பதாம் தேதி உருளைக்கிழங்கைத் தொடுவதில்லை. வாஷிங்டன் முடிவெடுத்துவிட்டான். சாதாரண முடிவு இல்லை. கண்ணாடி முன்னால் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு எடுத்த முடிவு.

பெயரைப் பார்த்து அமெரிக்காக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். உருகுவேயில் தெருவுக்கு இரண்டு வாஷிங்டன் தேறும். இவன் சால்டோ ஊர் வாஷிங்டன். மாட்டிறைச்சி ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கப்பல் காகிதங்கள் தயார் செய்கிறவன்.

மாதம் இருபத்தொன்பது ஆனால் அங்கே வீட்டுக்கு வீடு ஞோக்கி. உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, கட்டைவிரல் பருமனுக்கு வெட்டி, ஒவ்வொன்றையும் முள்கரண்டியின் முதுகில் உருட்டி வரி போட வேண்டும். தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு அதைச் சாப்பிட்டால் அடுத்த மாதம் கை வறளாது என்று நம்பிக்கை. நம்பிக்கை எல்லோருக்கும். உருட்டுவது வாஷிங்டனுக்கு. மாமியார், மச்சினன், மச்சினன் குடும்பம் எல்லோரும் தின்கிற அளவுக்கு உருட்ட வேண்டும். மச்சினன் ஒருவனே நாலு பேர் அளவுக்குத் தின்பான்.

இத்தனை மாதம் உருட்டியவனுக்கு இந்த மாதம் மட்டும் என்ன வந்தது? இருபத்தொன்பது ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைந்தது. அன்றைக்குப் பதினோரு மணிக்கு நாரஞ்சால் கால்பந்து கிளப்புக்கு இறுதிப்போட்டி. நாரஞ்சால் கடைசியாகக் கோப்பை வாங்கியபோது வாஷிங்டன் தலையில் முடி இருந்தது. உள்ளூர் வானொலிக்காரர்கள் ஒரு கேமராவை வைத்து மேட்சை இணையத்தில் காட்டுகிறார்கள். அதைப் பார்க்காமல் மாவு பிசைந்தால் பிறந்ததற்கு என்ன அர்த்தம்?

இங்கே அவனுடைய மானிட்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டால் அவனே வந்து சொல்லிவிடுவான். ஒரே கம்ப்யூட்டர், மூன்று மானிட்டர். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அவனுடைய அறையைப் பார்த்தாக வேண்டும், அப்புறம்தான் நாற்காலி, அப்புறம்தான் தண்ணீர். பக்கத்து வீட்டு நெல்சன் வாரத்துக்கு ஒரு தடவையாவது, கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்கும் கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையுமாக வந்து நின்று அந்தக் காட்சியைப் பார்ப்பான்.

"இங்க பாரு நெல்சா, இதுல மவுஸைத் தள்ளுறேன். எங்க போச்சு?"

"காணோம்."

"அங்க பாரு!"

"அடேயப்பா! சுவரைத் தாண்டுற பூனை மாதிரி தாண்டுதே!"

அந்த ஒரு 'அடேயப்பா'வுக்காக வாஷிங்டன் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பான். போன வாரம் செலவழித்தும் விட்டான். சுவரில் துளை போட்டு, கேபிளை இழுத்து, சமையலறையில் குளிர்பெட்டி மேல் நாலாவது மானிட்டரை ஏற்றி வைத்தான்.

"எனக்கு எதுக்கு வாஷி இதெல்லாம்? செய்முறையெல்லாம் எங்க அம்மா வாயிலயே இருக்கே," என்றாள் மனைவி ஃபாபியானா.

"அத்தை வாயில என்னென்னமோ இருக்கு ஃபாபி. அதுல செய்முறையைத் தேடி எடுக்கறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சிடும். இந்தா, உனக்குன்னு தனி மவுஸ், வயரே கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், நாலு திரை! சால்டோவுலயே எவன்கிட்டயும் கிடையாது!"

"சால்டோவுல எவனுக்கும் தேவையும் கிடையாது," என்று சொல்லிவிட்டு அவள் அந்த மவுஸைத் துடைத்து, சர்க்கரை டப்பா பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

வாஷிங்டனின் திட்டம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை, இறைச்சி வாங்குகிற ரியாத்காரர்களோடு மீட்டிங் என்று சொல்லிவிடுவது. அவர்களுக்கு ஞாயிறு வேலை நாள், யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. போன மாதம் நடந்த மீட்டிங் ஒன்றின் பதிவு கைவசம் இருந்தது. இடது மானிட்டரில் இறைச்சிக் கணக்கு. நடுவில் அந்தப் பழைய மீட்டிங், முடிந்தால் தானாக மறுபடி ஆரம்பிக்கும்படி, வெளியே கேட்கிற சத்தத்தோடு. வலது மானிட்டரில் சத்தமில்லாமல் மேட்ச். யாராவது கதவைத் திறந்தால் கீபோர்டில் மூன்று பொத்தானைச் சேர்த்து ஒரு அமுக்கு; மேட்ச் விண்டோ வலதிலிருந்து தாவி மறைந்துவிடும். எதிர்ப்பக்கம் ஒரு அமுக்கு, திரும்பி வந்துவிடும். ஒரு வாரம் பழைய மேட்சுகளைப் போட்டு ஒத்திகை பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கச்சிதமாக மறைந்தது, கச்சிதமாக வந்தது. 'இந்த மூளைக்கு இந்தக் கம்பெனி தர்ற சம்பளம் அநியாயம்' என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

ஞாயிறு வந்தது. மாமியார் எல்விரா கூடை நிறைய உருளைக்கிழங்கோடு வந்து இறங்கினாள்.

"மாப்ளே, கையக் கழுவிட்டு வா."

"மன்னிச்சுக்கோங்க அத்தே. மீட்டிங் இருக்கு. ரியாத். கப்பலே என்னை நம்பித்தான் நிக்குது."

அழுகையோ சண்டையோ வரும் என்று எதிர்பார்த்து, அதற்கும் பதில் தயாராக வைத்திருந்தான். ஃபாபியானாவோ, "பாவம், ஞாயித்துக்கிழமையும் வேலையா? நீ போ வாஷி, நாங்க பாத்துக்கறோம்," என்றாள். "போனை என்கிட்ட குடு. நடுவுல அடிச்சுத் தொலைச்சா உனக்குத்தானே தொந்தரவு."

எப்பேர்ப்பட்ட மனைவி! அவனுக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி கூட வந்தது. மேட்ச் ஆரம்பித்ததும் போய்விட்டது.

முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இரண்டாம் பாதியில் நாரஞ்சால் அடி பின்னி எடுத்தது. வாஷிங்டன் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் நாற்காலியில் குதித்துக்கொண்டிருந்தான். அப்போது கதவு திறந்தது. மாமியார்.

ஒரு அமுக்கு. மேட்ச் மாயம்.

"ஃபாபி இங்கயா இருக்கா?" என்று எட்டிப் பார்த்தாள் எல்விரா.

"இல்லயே அத்தே. அடுப்படியிலதானே இருக்கா?"

"அங்கதான் இருக்கா. இங்கயும் அவ குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. வயசாயிடுச்சு, காது என்னமோ பண்ணுது." கதவு மூடிக்கொண்டது.

வாஷிங்டன் எதிர்ப்பக்கம் அமுக்கினான். வலது மானிட்டருக்கு ஒரு விண்டோ தாவி வந்தது. அதில் கொட்டை எழுத்தில்: 'ஞோக்கி. தேவையான பொருள்கள்: உருளைக்கிழங்கு இரண்டு கிலோ.'

மறுபடி அமுக்கினான். ஞோக்கி போயிற்று. மறுபடி அமுக்கினான். ஞோக்கியே வந்தது.

மவுஸைப் பிடித்து இழுத்தான். அம்பைக் காணோம். மூன்று மானிட்டரிலும் தேடினான். ஒரு கணம் ஓரத்தில் தலைகாட்டியது. இவன் இடது பக்கம் இழுக்க, அது விடாப்பிடியாக வலது பக்கம் நகர்ந்து மானிட்டரின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அந்த விளிம்புக்கு அப்பால் சுவர். சுவருக்கு அப்பால் சமையலறை. சமையலறையில் குளிர்பெட்டி. வாஷிங்டனின் காது மடல் சூடேறியது. ஒத்திகையில் விண்டோ மறைந்ததைத்தான் பார்த்தானே தவிர, எங்கே போய் இறங்கியது என்று பார்க்கவில்லை.

அதே நேரம் பக்கத்து வீட்டில் நெல்சனின் அலறல். வானொலி எப்போதும் படத்தைவிடக் கொஞ்சம் முந்திக்கொள்ளும். "பெனால்டி! பெனால்டி!" என்று கத்துகிறான். யாருக்கு? அதைச் சொல்லாமலே கத்துகிறான் பாவி.

வாஷிங்டன் எழுந்தான். கம்பீரமாக நடந்து சமையலறைக்குப் போனான்.

குளிர்பெட்டி மேல், ஒளி வெள்ளத்தில் நாரஞ்சால் மைதானம். அடியில் மாமியாரும் மகளும் மாவு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன வாஷி, மீட்டிங் முடிஞ்சுதா?"

"இல்ல... தண்ணி குடிக்க வந்தேன்."

"குடிச்சிட்டுப் போ. ரியாத்காரங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

குடித்தான். இன்னொரு டம்ளர் குடித்தான். நடுவர் இன்னும் ஆட்டக்காரர்களைப் பெனால்டி கட்டத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். மூன்றாவது டம்ளர் தொண்டையில் இறங்க மறுத்தது.

"இது சின்ன இடம் வாஷி. உருட்டுறவங்க மட்டும்தான் நிக்க முடியும்," என்றாள் ஃபாபியானா. ஒரு கையில் முள்கரண்டியை நீட்டினாள். இன்னொரு கை மவுஸின் மேல் இருந்தது. மேட்ச் விண்டோவின் மூலையில், மூடுகிற பெருக்கல் குறியின் மேல் அம்பு நின்றுகொண்டிருந்தது.

வாஷிங்டன் முள்கரண்டியை வாங்கிக்கொண்டான். ஏப்ரனை மாமியாரே கட்டிவிட்டாள்.

பந்து வைக்கப்பட்டது. நாரஞ்சாலுக்குத்தான். ஆட்டக்காரன் ஓடினான், உதைத்தான், கோல்!

"கோஓஓல்!" வாஷிங்டன் முள்கரண்டியோடு துள்ளினான். மாவு கூரை வரைக்கும் பறந்தது. மாமியாரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

எல்விரா மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்து மாவைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "என்ன மாப்ளே, ரியாத்காரங்க சம்மதிச்சுட்டாங்களா?"

"ஆமா அத்தே," என்றான் வாஷிங்டன். "ஆர்டர் நமக்குத்தான்."

கோப்பை நாரஞ்சாலுக்கே வந்தது. கடைசி விசில் வரைக்கும் நின்று பார்த்தான். அவன் கை மட்டும் அது பாட்டுக்கு உருட்டிக்கொண்டே இருந்தது. மொத்த ஞோக்கியும் முடிந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மச்சினன் மூன்றாவது தட்டை நிரப்பிக்கொண்டு, "இந்தத் தடவை பஞ்சு மாதிரி இருக்கே, வாஷிக்குத்தான் மீட்டிங்காச்சே, யார் கை?" என்றான்.

"என் வீட்டுக்காரர் கைதான்," என்றாள் ஃபாபியானா. குரலில் நிஜமாகவே பெருமை வழிந்தது. "அவ்வளவு பெரிய மீட்டிங்கை விட்டுட்டு வந்து உருட்டினாராக்கும்."

வாஷிங்டனுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. "அதுல ஒரு நுணுக்கம் இருக்கு," என்று ஆரம்பித்தான். "விரலை அழுத்தக் கூடாது. சால்டோவுலயே இந்தப் பதத்துக்கு எவனாலயும் உருட்ட முடியாது."

"கேட்டுக்கிட்டியாம்மா? அவரே சொல்லிட்டாரு. இனிமே மீட்டிங் இருந்தாலும் இல்லாட்டியும் எல்லா இருபத்தொன்பதும் அவரேதான்."

மேஜை கைதட்டியது. வாஷிங்டன் அவள் காதருகே குனிந்தான். "எப்ப கண்டுபிடிச்ச?"

"ஒரு வாரமா ஒத்திகை பாத்தியே, அத்தனை மேட்சும் என் குளிர்பெட்டிக்கு வந்து வந்து போச்சு. நல்லாத்தான் மாட்டியிருக்க. படம் துளி கூட ஆடலை."

அவன் அதற்கும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டான். அப்போதுதான் அவனுடைய அறைக்குள்ளிருந்து, போன மாதத்து ரியாத்காரர்களின் பேச்சுக்கு நடுவே, ஃபாபியானாவின் குரல் கணீரென்று கேட்டது. "வாஷி, இந்தா மாத்தே. சுடுது, பாத்துக் குடி."

மேஜையில் எல்லோரும் ஃபாபியானாவைப் பார்த்தார்கள். அவள் வாயில் இருந்த ஞோக்கியை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"போய் அந்த மீட்டிங்கை நிறுத்திட்டு வா வாஷி. காலையில இருந்து உனக்கு மாத்தே கொண்டாந்து கொண்டாந்து எனக்குக் கால் ஓஞ்சு போச்சு."