இரகசிய வாடிக்கையாளருக்காக ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில், சனம் எழுதிக் கொடுத்த பூசைக் கருத்துகளைச் சுவாமி வழக்கம்போல ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனார். இறந்தவர்கள் முடிந்து, நோயாளிகள் முடிந்து, புது எஞ்சின் பூட்டிய ஒரு வள்ளமும் முடிந்தது. அடுத்த துண்டை எடுத்தவர் அதை ஒருதரம் மனத்துக்குள் வாசித்தார். பிறகு மைக்கைக் கிட்ட இழுத்தார்.

"நாளைய தினம் பசாரிலுள்ள கடலரசி சுப்பர்மாக்கெற்றில் இரகசிய வாடிக்கையாளராக வேலை தொடங்கும் அருட்பிரகாசம், ஒருவருக்கும் தெரியாமல் தன் கடமையை நல்லபடி செய்து முடிக்க வேண்டுமென்று, மனைவி அன்ரோனெற் ஒப்புக்கொடுக்கும் கருத்துக்காக."

கோவிலுக்கு வெளியே வேம்பில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலும் அது போனது. இறங்குதுறை வரைக்கும் கேட்கிற ஸ்பீக்கர்.

ஆண்கள் பக்கத்துத் தலைகள் எல்லாம் திரும்பின. பாடகர் குழுவில் நின்ற பிறின்சி பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டாள். கடலரசி சுப்பரில் காசு வாங்குகிற மேசையில் இருக்கிறவள் அவள்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அருட்பிரகாசம் மனைவியை வேம்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"என்னடியப்பா செய்து வைச்சிருக்கிறாய்?"

"புது வேலை தொடங்கினாப் பூசை குடுக்கிறது வழமைதானே? வள்ளம் இறக்கேக்க குடுத்தம். வலை மாத்தேக்க குடுத்தம். இதுக்கு மட்டும் குடுக்காட்டி ஆண்டவர் என்ன நினைப்பார்?"

"இது ரகசிய வேலையெல்லே!"

"அதைத்தானே நானும் எழுதிக் குடுத்தனான். ஒருத்தருக்கும் தெரியக்கூடாதெண்டு."

அருட்பிரகாசம் அண்ணாந்து வேம்பிலிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார்.

இருபது வயதிலிருந்து கரைவலை இழுத்தும் ஐஸ் பெட்டி தூக்கியும் பிழைத்த மனுசன். போன மாரியில் ஒரு பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு நாரியில் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டி உடைந்துவிட்டதென்றுதான் முதலில் நினைத்தார். இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் அன்ரோனெற்றின் தம்பி றொட்னி தலைமன்னாரிலிருந்து வந்து ஒரு வேலை சொன்னான்.

"மச்சான், என்ர கருவாடு காயவைக்கிற வாடியில காகம் கலைக்க ஒரு ஆள் வேணும். கதிரை போட்டுத் தாறன். தடியும் தாறன்."

"இப்ப ஆர் கலைக்கிறது?"

"நாய்தான். அதுக்கும் வயசு போட்டுது."

அருட்பிரகாசம் அன்று இரவு சாப்பிடவில்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் யாழ்ப்பாணத்தில் படிக்கிற மகள் டினோஜா இந்த வேலையைத் தேடிப் பிடித்தாள். கொழும்பில் ஒரு கொம்பனி. சாதாரண ஆள்மாதிரிக் கடைக்குப் போக வேண்டும், ஏதாவது வாங்க வேண்டும், கடைக்காரர் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவந்து எழுத வேண்டும். முதல் றிப்போட் சரியென்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் காகம்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவுமில்லை. முன்பொருமுறை, பரிசாகக் கார் விழுந்திருக்கிறது என்று போனில் ஒருவன் சொன்னதை நம்பி, அதைக் கப்பலால் இறக்கும் கூலியைக் கட்டி, இறங்குதுறையில் போய்க் காத்து நின்றவர். ஊரில் இன்னும் அவருக்குக் 'காரண்ணை' என்றுதான் பெயர். அதனால் கொம்பனியிலிருந்து நசீறா என்கிற பிள்ளை கதைத்தபோது குறுக்குக் கேள்வி கேட்டார்.

"முதல்ல நான் ஏதும் கட்டோணுமோ?"

"ஒரு சதமும் வேணாம் ஐயா. ஆரும் கேட்டாலும் குடுக்கவேணாம்."

"பாங்க் கார்ட் நம்பர்?"

"அதையும் ஒருத்தருக்கும் சொல்லவேணாம்."

"அப்ப எப்பிடிப் பிள்ளை என்னை ஏமாத்துவியள்?"

"நாங்க ஏமாத்துறேல்ல ஐயா. ஒரே ஒரு சட்டம்தான். இந்த வேலை செய்யிறது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. வீட்டாக்களுக்கும்தான்."

போனை வைத்த கையோடு, மீன் வெட்டிக்கொண்டிருந்த அன்ரோனெற்றிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுறாவின் தலையை வெட்டி ஒரு பக்கம் வைத்துவிட்டு, "நல்லம்" என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அவர் வேம்படியிலிருந்து பீடத்துக்குப் பின்னாலிருந்த அறைக்குள் ஓடினார். சுவாமி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, அந்தக் கருத்து பிழை. ரெண்டாம் பூசையில திருத்திச் சொல்லவேணும்."

"அதுக்கென்ன, சொல்லுவம்" என்றார் சுவாமி.

சொன்னார். "முதலாம் பூசையில் வாசிக்கப்பட்ட கருத்தில் ஒரு திருத்தம். அருட்பிரகாசம் கடலரசி சுப்பரில் இரகசிய வாடிக்கையாளர் அல்ல. இதைப்பற்றி ஒருவரும் வெளியில் கதைக்க வேண்டாமென்று அவர் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறார்."

முதலாம் பூசைக்கு வராதவர்களுக்கும் விசயம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள், தெரிந்தும் தெரியாத மாதிரிப் போவோம் என்று புறப்பட்டார். தனியாகப் போனால் சந்தேகம் வரும், குடும்பமாகப் போனால் சாதாரணமாக இருக்கும் என்று அன்ரோனெற்றையும் கூட்டிக்கொண்டு போனார். கடை வாசலில் மனேச்சர் றிஸ்லான் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு நின்றான். அவன் ரை கட்டி அதுவரை எவரும் கண்டதில்லை.

"வாங்கோ, வாங்கோ! உங்களை எங்களுக்குத் தெரியவே தெரியாது. சாதாரணமா வாங்கோ" என்றான்.

உள்ளே ஒரு கதிரை போட்டிருந்தது. கதிரைக்குப் பக்கத்தில் மின்விசிறி. ஒருத்தி நெல்லிரசம் கொண்டுவந்து நீட்டினாள்.

"தம்பி, நான் ஒரு சவர்க்காரம் வாங்க வந்தனான்."

"நீங்கள் இருங்கோ, சவர்க்காரம் வரும்."

வந்தது. ஒரு தட்டத்தில் ஏழெட்டு வகை வந்தது. அன்ரோனெற் கூடையோடு பருப்புப் பக்கம் போய், "தம்பி, உந்த மேல் தட்டில இருக்கிறதை எடுத்துத் தாரும்" என்று கேட்டதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. "இப்ப ஏலாதம்மா, ஐயா வந்திருக்கிறார்" என்று ஒருவன் திரும்பிப் பாராமலே சொன்னான். அவள் தானே எட்டி எடுத்துக்கொண்டாள்.

காசு கட்டும் வரிசையில் அருட்பிரகாசத்தை ஆட்கள் முன்னுக்குத் தள்ளினார்கள்.

"அவரை விடுங்கோ, மனுசன் டியூட்டியில நிக்கிறார்."

"காரண்ணை, போன கிழமை வாங்கின பருப்பில ஒரே கல். அதையும் எழுதுங்கோ!"

"அண்ணை, வெங்காயம் அழுகல். என்ர பேரைப் போடவேணாம்."

"தலைமன்னார் பஸ் எங்கட சந்தியில நிப்பாட்டுறேல்ல. அதையும் ஒருக்கா..."

"பஸ் என்ர வேலையில்ல!"

"பிறகென்ன ரகசிய உத்தியோகத்தர் நீங்கள்?"

பிறின்சி எழுந்து நின்று, பொருட்களை இரண்டு கையாலும் கொடுத்து, "உங்கள் வருகைக்கு நன்றி, மீண்டும் வருக" என்று பாடுகிற குரலில் சொன்னாள். அன்ரோனெற்றுக்கு மிச்சக் காசை மேசையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அருட்பிரகாசம் நாரியைப் பிடித்துக்கொண்டு நசீறாவுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, மன்னாரில எனக்குக் கொஞ்சம் முகப்பழக்கம் கூட. வேற இடம் தந்தா நல்லம்."

"அப்ப அடம்பன் கிளைக்குப் போங்கோ. அங்க உங்களை ஆருக்கும் தெரியுமோ?"

"அங்க என்னை மாட்டுக்கும் தெரியாது."

இந்த முறை அவர் பாடம் படித்திருந்தார். நாரிக்குக் கிளினிக் போவதாக மனைவியிடம் சொன்னார். அவள் பஸ்ஸுக்குக் காசு எடுத்துக் கொடுத்தாள்.

அடம்பன் கடலரசியில் ஒரு முகமும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அருட்பிரகாசத்துக்கு நெஞ்சு நிறைந்தது. கொம்பனி சொல்லித்தந்த எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் செய்தார். மீன் டின்களைத் தலைகீழாகப் பிடித்துத் திகதியை வாசித்து மனனம் செய்தார். கூரையிலிருந்த கமராக்களைப் பார்த்தார். மலசலகூடம் எங்கே என்று கேட்டார், போய்ப் பார்த்தார். ஆபத்துக்கு வெளியேறும் வழி சரியாக இருக்கிறதா என்று அறிய, பின்கதவு எங்கே என்றும் கேட்டார்.

அப்போதுதான் செக்கியூரிற்றி அழகையா கிட்ட வந்தார். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய, மெல்லிய, கண் கூரான மனிதர்.

"ஐயா எதுக்குக் கூரையவே பாக்கிறீங்க?"

"ஃபேன் வடிவா இருக்கு."

"பின்கதவு எதுக்கு?"

"காத்துக்கு."

"வாயில என்னமோ முணுமுணுக்கிறீங்களே?"

"செபம்."

டின் மீன் கையில் இருந்தபடியால் செபம் எடுபடவில்லை. அவரைப் பின்னறைக்குக் கொண்டுபோய் அரிசி மூட்டையில் இருத்தினார்கள். அடம்பன் மனேச்சர் வந்தார்.

"பேர் என்ன?"

"சொல்லேலாது."

"என்ன வேலை செய்யிறனீர்?"

"அதைத்தான் சொல்லவே ஏலாது."

"பொலிசுக்குச் சொல்லட்டோ?"

அருட்பிரகாசம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் காகம். சொல்லாவிட்டால் மறியல்வீடு. மறியலில் தடி பிடிக்கத் தேவையில்லை என்று பட்டது. அரிசி மூட்டையிலேயே வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

அழகையா அவருடைய போனை வாங்கி, 'மனுசி' என்று இருந்த நம்பருக்கு எடுத்து, அடையாள அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். மனேச்சர் அவரைப் படமெடுத்து, 'இந்தக் கள்ளனைத் தெரியுமா?' என்று மன்னார் கிளைக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் றிஸ்லானின் குரல் பதிவு வந்தது. மனேச்சர் அதைக் கடை நடுவில் நின்று சத்தமாகப் போட்டார்.

"யா அல்லாஹ், அது கள்ளனில்ல! அவர்தான் இரகசிய வாடிக்கையாளர்! முதல்ல கதிரை குடுங்கோ! நெல்லிரசம் குடுங்கோ!"

அரிசி மூட்டையிலிருந்து அவரை இரண்டு பேர் தூக்கி எடுத்தார்கள். கதிரை வந்தது. நெல்லிரசம் இல்லாதபடியால் இரண்டு விதச் சோடா வந்தது. அழகையா விறைப்பாக நின்று சலூட் அடித்தார். அடம்பன் சனம் கூடிவிட்டது. மாட்டுத் தீவனம் விலை ஏறியதை ஒருவர் எழுதச் சொன்னார். வாய்க்கால் உடைந்ததை இன்னொருவர் எழுதச் சொன்னார்.

அந்த அமளிக்குள்தான் அன்ரோனெற் அடையாள அட்டையோடு வந்து இறங்கினாள். அது இனி எவருக்கும் தேவைப்படவில்லை. உப்பு எங்கே இருக்கிறதென்று அவள் கேட்டதற்கு, "சத்தம் போடாதேங்கோ அம்மா, ஐயாவோட கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்றார் மனேச்சர். அவள் கடையை ஒரு சுற்றுச் சுற்றி, உப்பையும் ஒரு விளக்குமாற்றையும் எடுத்துக் காசைக் கட்டிவிட்டு, புருசனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"கிளினிக்கில என்ன சொன்னவை?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

"பாரம் தூக்கவேணாமாம்" என்றார் அவர்.

றிப்போட்டில் பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. மகளுக்குப் போனில் சொல்லச் சொல்ல அவள் எழுதி அனுப்பினாள்: மன்னார்க் கிளையில் என்னைத் தெரியும், உபசரிப்பு மிக நன்று. அடம்பன் கிளையில் என்னைத் தெரியாது, அரிசி மூட்டையில் இருத்தினார்கள். பிறகு தெரியவந்தது, உபசரிப்பு மிக நன்று.

அடுத்த கிழமை நசீறா போன் எடுத்தபோது றொட்னி முற்றத்தில் நின்றான். கையில் ஒரு நீட்டுத் தடி. நாய் வாடியை விட்டுப் போய் இரண்டு நாளாம், காகம் கருவாட்டைக் கொண்டுபோகிறதாம். அன்ரோனெற் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, உங்கட றிப்போட்டை வாசிச்சம்" என்றாள் நசீறா. "அதில ஒண்டையும் எடுக்கேலாது."

அருட்பிரகாசத்தின் முகத்தைப் பார்த்தே றொட்னிக்கு விளங்கிவிட்டது. தடியை நீட்டினான். தடியைப் பிடித்துப் பார்த்தார். பாரமில்லைதான்.

"சரி பிள்ளை. என்ன செய்யிறது."

"பொறுங்கோ ஐயா, வைக்கவேணாம். வேலை உங்களுக்கு நிரந்தரம்."

"என்ன?"

"மாசத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு கிளைக்கும் போங்கோ. கதிரை தந்தா இருங்கோ. குடிக்கத் தந்தாக் குடியுங்கோ. நீங்கதான் அந்த ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியோணும்."

தடி அவர் கையிலிருந்து நழுவியது. "எல்லாருக்கும் தெரிஞ்சா, பிறகு ஆர் பிள்ளை ரகசியமாப் பாக்கிறது?"

"ரெண்டு வருசமா ஆர் பாத்தவவோ அவதான் ஐயா. கடைக்காரர் பொம்பிளையளைச் சந்தேகப்படத் தொடங்கிட்டினம், பூசையில உங்கட பேரை வாசிப்பிச்சாத் தன்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டினம் எண்டு அன்ரோனெற் அம்மாதான் எங்களுக்கே சொன்னவ!"