பால்ரஸ் ஒன்று கம்மி

உலகத்தில் எந்தப் பொருளையும் முழுதாகப் பார்க்கப் பிடிக்காத ஒரே பெண்மணி என் அக்காதான். கள்ளக்குறிச்சியில் அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ‘ஓவராயில்’ என்றால் கடை வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். சைக்கிளை அக்கக்காகக் கழற்றிப் பூட்டும் வேலைக்கு அதுதான் பெயர்.

தாத்தா வாடகை சைக்கிள் விட்டவர். அப்பா சைக்கிள் கடை வைத்தவர். அந்தக் கடையை இன்றும் நடத்துவது அக்கா. நானும் அதே வீட்டில் பிறந்தவன்தான். டயர் பஞ்சரானால் பஸ் ஏறிவிடுவேன்.

ஒருநாள் காலை ஒரு வாத்தியார் வந்தார். “பெல்லு மட்டும் மாட்டிக் குடுங்கம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சி.”

“மாட்டிடலாங்க. பெல்லடிச்சும் அவன் நவுரலன்னா நீங்க நிக்கணுமே? பிரேக்கையும் பாத்துடறேன்.”

பிரேக்கைப் பார்த்தவள் வீலைப் பார்த்தாள். வீலைப் பார்த்தவள் அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பார்த்தாள். வாத்தியார் டவுன் பஸ்ஸில் போனபோது, அவர் சைக்கிள் மண்ணெண்ணெய்த் தட்டில் குளித்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பெண் பார்க்க சங்கராபுரம் பக்கம் போனோம். எல்லோரும் பஜ்ஜியில் இருக்க, அக்காவைக் காணோம். வாசலில் பெண்ணின் அப்பாவுடைய சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு வேலையில் இறங்கியிருந்தாள். வெளியே வந்தவர் மெக்கானிக் என்று நினைத்து, “கூலி இன்னாம்மா?” என்றார். “ஒங்க பொண்ணுதாங்க” என்றாளாம். சம்பந்தம் முடிந்தது. என் மனைவி அந்தக் கூலிக் கணக்கை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

போன வருடம் கச்சிராயபாளையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பந்தயம், அணைக்கட்டுச் சாலை இறக்கம் வழியாக. முதல் மூன்று பேருக்கு மாநிலப் போட்டியில் இடம். என் மகள் யாழினி ஆறு மாதமாக விடியற்காலையில் மிதித்தது இதற்காகத்தான்.

தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. வண்டியை உருட்டிப் பார்த்த அக்கா காதைச் சாய்த்தாள்.

“வீலு கிளிக் கிளிக்குங்குதே.”

“அக்கா, வேணாம்க்கா...”

நான் சொல்லி முடிப்பதற்குள் முன்வீல் அவள் மடியில் இருந்தது. என் ஈரக்குலை என் வாயில் இருந்தது. மைக் வைத்திருந்தவரிடம் ஓடினேன்.

“சார், ஒரு அரை மணி தள்ளி வைங்க!”

“இன்னா பிரச்சனை?”

“எங்க அக்கா.”

அவர் மைக்கைத் தட்டி அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். ஓடி வந்தேன்.

“பால்ரஸ் ஒன்னு கம்மிடா” என்றாள் அக்கா. அச்சைச் சுற்றி உருளும் அந்த இரும்பு உருண்டை இல்லாமல் வண்டி இல்லை. மண்டிபோட்டுப் புழுதியைத் துழாவினேன். சிக்கியது!

“இந்தாக்கா!”

“ஆட்டுப் புழுக்கடா அது.”

அவளே கிரீஸுக்குள் விரல் விட்டு இரண்டு துண்டுகளை எடுத்தாள். “ஒடஞ்சி போச்சி. அணைக்கட்டு எறக்கத்துல வீலு பூட்டிக்கினு புள்ளையக் கவுத்திருக்கும். யாரு இந்த இறுக்கு இறுக்குனது?”

முந்தின நாள் யாழினி டியூஷன் போயிருந்த நேரத்தில், செல்போனில் வீடியோ பார்த்து அந்த வீலைக் கழற்றிப் பூட்டியவன் நான். ஜெயித்ததும் சொல்லி அசத்தலாம் என்று திட்டம்.

“யாரு அத்தை பூட்டுனது?” என்று யாழினியும் குனிந்தாள்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து புது பால்ரஸ் எடுத்துப் போட்டபடி, “கம்பெனி பிட்டிங்கு இப்டிதான்டி இருக்கும். நீ பயப்படாம வுடு” என்றாள்.

விசிலுக்கும் யாழினி ஏறி உட்கார்ந்ததற்கும் ஒரு மூச்சுதான் இடைவெளி. இறக்கத்தில் அவள் பிரேக்கைத் தொடவே இல்லை என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக வந்தாள்.

போட்டோவுக்குக் குடும்பத்தோடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். படியேறுவதற்குள் அக்கா என் கையைப் பிடித்து இழுத்து, நகக்கண்ணில் காய்ந்திருந்த கிரீஸைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

“பாப்பா பாத்துட்டா கேப்பாடா.”