மடியில் முடிந்த பித்தளை

திருவேங்கடம் சம்பந்தி பரமசிவன் அவர்கள் சமூகத்துக்கு, சங்கரன்கோவில் ஆறுமுகச்சாமி கைகூப்பிச் சொல்ல, தபால்கார ராமசுப்பு எழுதுவது. இங்கு நானும் மாடு கன்றுகளும் சுகம். அங்கு நீங்கள், மாப்பிள்ளை, என் மகள் கோமதித்தாய், தங்கள் கார் ஆகியோர் சுகமா?

காந்தியைச் சுட்ட வருஷம், பனவடலிசத்திரத்தில் பருத்தி காயிலேயே கருகியதே, அந்த வைகாசியில்தான் நம் பிள்ளைகள் கல்யாணம். மாப்பிள்ளை வந்த உங்கள் கார் வழியிலேயே கொதித்துவிட்டது. எல்லாரும் பந்தியில் இருக்கையில், டிரைவர் பாதுஷா எஞ்சினைத் திறந்து எலுமிச்சை அளவில் ஒரு பித்தளைச் சாமானை எடுத்துக் கழுவினார்.

"இது என்னவே?" என்றேன்.

"தெர்மாஸ்டாட்டு, அண்ணாச்சி. எஞ்சின் சூடேறுத வரைக்கும் தண்ணியை உள்ளயே பூட்டி வச்சிருக்கும். சூடு போதும்னா தானாத் தொறந்து, ரேடியேட்டருக்கு ஆற அனுப்பும்."

"ஆள் இல்லாம எப்படிவே தொறக்கும்? கதை விடுதீரா?"

நூலில் கட்டி, சமையல்கார மூக்காண்டியின் வெந்நீர் அண்டாவில் விட்டார். கோழிக்குஞ்சு கண் விழிப்பதுபோல மெல்லத் திறந்தது. வெளியே எடுத்தால் மூடிக்கொண்டது. எத்தனை தடவை முக்கி எடுத்தேனோ, மேளச் சத்தம் கிணற்றுக்குள் கேட்பதுபோல் ஆனது. மகள் அழுதுகொண்டே காரில் ஏறியதைக்கூட ஆவிக்கு அப்பால், யார் வீட்டுப் பெண்ணோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். புறப்படுகிற அவசரத்தில் பாதுஷா அதை மாட்ட மறந்தார். எடுத்து மடியில் முடிந்தது நான்தான். அன்றிலிருந்து எஞ்சினில் சூடு பிடிக்காமல் வண்டி விடியக்காலம் இருமுவதற்கும், பெட்ரோலைக் குடித்துத் தீர்ப்பதற்கும் நானே காரணம். அதற்காக, "வண்டியைக் கெடுத்த வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன்" என்று நீங்கள் மூன்று வருஷமாக எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு என் மகளை அனுப்பவில்லை. ரேடியேட்டர் மூடியிலும் ஒரு ஸ்பிரிங் உண்டாம், ஆவி மிஞ்சினால் அதுவே கொஞ்சம் வழி விடுமாம், அதனால்தான் வெடிப்பதில்லையாம். நீங்களும் கொஞ்சம் விடக் கூடாதா, சம்பந்தி? இந்தத் தபசுக்கு அவளை அனுப்புங்கள். பித்தளையைத் துலக்கித் தருகிறேன்.

கோமதியம்மன் உங்கள் வீட்டையும், காரின் நான்கு சக்கரங்களையும் காப்பாளாக.

பின்குறிப்பு: ராமசுப்பு வாசிக்கக் கேட்டபோது மனசு ஒப்பவில்லை. அந்தப் பித்தளையை நானாக எடுக்கவில்லை. "மடியில வச்சுக்கிடுங்க, அண்ணாச்சி. இதை வாங்குத சாக்குலயாவது இந்த மனுசன் புள்ளையைக் கூட்டிட்டு வருவாரு" என்று என் கையில் வைத்து அழுத்தினார்கள். பார்த்த பாதுஷா போய்ச் சேர்ந்தார், மூக்காண்டியும் போய்விட்டார். என்னைத் தவிர இன்றைக்கு உயிரோடு இருப்பது கொடுத்தவர் ஒருவர்தான்: உங்கள் வீட்டம்மாள் தங்கப்பழம்.