‘சொல்லாதேங்கோ’ அப்புக்காத்து

மொன்றியலில் தமிழரைக் கண்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிய ஒரே தமிழர் எங்கள் ‘சொல்லாதேங்கோ’தான். தை மாதக் குளிரில் காதைப் பொத்தினால் இந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவர் ஆடி வெயிலிலும் பொத்தினார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. தொழில் அப்புக்காத்து, அதாவது வக்கீல். வசதியில்லாதவர்களின் வாடகையில் ஒரு பங்கை அரசாங்கமே கட்டுகிற திட்டம் ஒன்று இங்கே உண்டு. அந்த உதவியை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிற ஆளை மறைக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், விசாரணை மன்றத்தில் அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடுவது அவர் வேலை. அவருடைய கோப்புகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு பின்னால் போவது என் வேலை.

எங்கள் ஆள் ஒருவர் அரசாங்கத்துக்குள் போய்விட்டார், இனிப் பயமில்லை என்று சனம் முதலில் சந்தோஷப்பட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டது.

ஒருநாள் கோயிலில் ஐயர் அவருக்கு விபூதி நீட்டுகிறார். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் அன்பாகத் தொடங்கினார்: “தம்பி, மகளுக்குக் கலியாணம் முடிஞ்சுது. மருமோனும் இப்ப எங்களோடைதான்...”

“சொல்லாதேங்கோ அம்மா! சொல்லாதேங்கோ!”

ஐயரின் கை நீட்டியபடி நிற்கிறது, ஆளைக் காணோம். அவசரத்தில் வேறு யாருடைய சப்பாத்தையோ மாட்டிக்கொண்டு போய்விட்டார். சப்பாத்தைப் பறிகொடுத்தவர் பனியில் நின்று சொன்னதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

இன்னொரு தடவை முடிவெட்டுகிற கடையில். பாதி வேலை முடிந்த நேரம் பார்த்துக் கடைக்காரர், “அண்ணை, தம்பியும் ரொறன்ரோவிலையிருந்து வந்து எங்கடை வீட்டிலை...” என்று வாயைத் திறந்தார். இவர் கழுத்துத் துணியோடு எழுந்து வீதிக்கு வந்துவிட்டார். மறுநாள் மன்றத்தில் இடது பக்கம் இருந்தவர்கள் ஒரு வக்கீலைப் பார்த்தார்கள், வலது பக்கம் இருந்தவர்கள் வேறொரு வக்கீலைப் பார்த்தார்கள்.

பொறுக்க முடியாமல் நான் கேட்டேன். “ஏன் அண்ணை இப்பிடி ஓடுறியள்? கேட்டா என்ன, காது தேஞ்சு போயிடுமோ?”

“காதிலை விழுந்தா நான் அறிஞ்சவன் ஆகிடுவன், பிள்ளை. அறிஞ்சா எழுதவேணும். நான் எழுதினா அதுகள் குஞ்சு குருமானோடை தெருவிலை நிக்குங்கள்.”

இதைச் சனத்துக்கு யார் சொல்வது? தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் பேர். கலியாண வீடுகளில் அவர் இருந்த மேசையில் சோறு மிஞ்சும், ஏனென்றால் வேறு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். பிறகு அழைப்பதையும் விட்டுவிட்டார்கள்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. காலையில் “எப்பிடி அண்ணை சுகம்?” என்று கேட்டால், “இண்டைக்கு இன்னும் முடியேல்லைப் பிள்ளை” என்பார். வெயில் எறித்தால், “நாளைக்கு இதுக்கும் சேர்த்துக் கொட்டும்” என்பார். பெரும்பாலும் கொட்டவும் செய்யும், அதுதான் எனக்கு எரிச்சல்.

மன்றத்தில் எழுந்து நிற்கும்போது மட்டும்தான் அந்த முதுகு நிமிரும். போகிற வழியில் மெற்றோவிலேயே பிரெஞ்சில் தனக்குத்தானே வாதாடத் தொடங்கிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவார்கள். கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை. கதைக்க அவருக்கு இருந்த ஒரே இடம் அந்த மன்றம்தான்.

அப்படி ஒரு தை மாதத்தில் மலரின் வழக்கு வந்தது. மலர் யாழ்ப்பாணத்துப் பெண். கோட்-டெ-நெய்ஜில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் சின்ன மகளோடு வாடகைக்கு இருந்தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கணவர் இறந்துவிட்டார். திட்டத்திலிருந்து போன பரிசோதகர் வாசலில் பெரிய ஆம்பிளைச் சப்பாத்து ஒரு சோடியைக் கண்டு, வீட்டில் ஒரு கணவர் ஒளிந்திருக்கிறார் என்று எழுதிவிட்டார். உதவி நின்றால் அவளுடைய சம்பளத்தில் அந்த வீட்டில் இருக்க முடியாது. அந்தக் குளிரில் பிள்ளையோடு எங்கே போவாள்?

மொழிபெயர்க்க ஒரு சென்னைத் தம்பி வந்திருந்தான். நல்ல பையன், வணக்கம் எல்லாம் சொன்னான். விசாரணை நடுவராக இருந்த அம்மையார் பிரெஞ்சில் கேட்டதை அவன் தமிழில் கேட்டான்.

“வீட்ல வேற யாரும்மா இருக்காங்க?”

“நானும் பிள்ளையும்தான். வீட்டுக்காரர் மேலை இருக்கிறார்.”

எங்களுக்கு வீட்டுக்காரர் என்றால் வீட்டின் சொந்தக்காரர். சென்னைப் பெண்கள் வீட்டுக்காரர் என்று சொல்வது கணவரை. தம்பி தனக்குத் தெரிந்த தமிழை நம்பி, ‘என் கணவர் மேல்மாடியில் இருக்கிறார்’ என்று சுத்தமான பிரெஞ்சில் சொல்லிவிட்டான். விசாரித்த அம்மையார் பேனையை எடுத்தார்.

“வாசல்ல இருந்த ஷூ யாரோடது?”

“அது வீட்டுக்காரற்றை. ரெண்டு பேருக்கும் ஒரே வாசல்தானே.”

“அவர் எப்படிம்மா, நல்லபடியா நடந்துக்கிறாரா?”

“நல்ல மனுசன். ஹீட்டரைக் கூட்டினா மட்டும் மேலையிருந்து கத்துவார்.”

அதையும் கணவராக்கிச் சொன்னான். அம்மையார் பெருமூச்சு விட்டு, தன் கணவரும் அப்படித்தான் என்றார். மலர் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துச் சிரித்தாள். தான் இருக்கிற வீட்டைத் தன் வாயாலேயே இடித்துக்கொண்டிருந்தது பாவிக்குத் தெரியவில்லை.

பின்வரிசையில் தள்ளுவண்டியோடு இருந்த எனக்கு வாய் திறக்க உரிமை கிடையாது. எனக்குப் பக்கத்தில் எங்கள் மேலதிகாரி வேறு திருப்தியாகக் கால் மேல் கால் போட்டிருந்தார். அண்ணை பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், வழக்கு வென்றாயிற்று. அவருடைய இரண்டு கையும் காதை நோக்கிப் போவதைக் கண்டேன். பாதி வழியில் நின்றன. எழுந்துவிட்டார்.

பிரெஞ்சில், அந்த அறை அதிரச் சொன்னார். இந்தப் பெண்ணின் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கணவர் என்று அர்த்தம் இல்லை. மேலே இருப்பவர் வீட்டின் சொந்தக்காரர், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த வயதான கிரேக்கர். சப்பாத்தும் அவருடையது. கணவரின் மரணச் சான்றிதழ் எங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

“ஐயா, நீங்கள் அரசாங்கத்தின் வக்கீல் அல்லவா?” என்று அம்மையார் கேட்டார்.

“ஆம் அம்மணி. அரசாங்கத்துக்கும் தமிழ் சரியாக விளங்க வேண்டும்.”

மலருக்கு உதவி தொடர்ந்தது. ஆனால் வெலவெலத்துப் போன சென்னைத் தம்பி, அண்ணை சொன்ன எதையும் அவளுக்கு மொழிபெயர்க்க மறந்துவிட்டான். அவள் கண்டதெல்லாம், அரசாங்கத்து ஆள் எழும்பி நின்று தன்னைக் காட்டிக் கத்தியதைத்தான். முருகன் புண்ணியத்தில் தப்பினேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தவள், நடைபாதையில் அவரைக் கடக்கும்போது, “நாசமாப் போவான்” என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அவருக்கு அது நன்றாகவே கேட்டது.

“அந்தப் பிள்ளையின்ரை மனுசனும் மேலைதான் இருக்கிறார்” என்றார் என்னிடம். “ஹீட்டருக்குக் கத்தமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.”

“நான் ஓடிப்போய் நடந்ததைச் சொல்லுறன் அண்ணை.”

“சொன்னியோ, பேந்து என்னோடை கதையாதை. நன்றி எண்டு அந்தப் பிள்ளை ஒரு மாம்பழத்தைக் கொண்டந்தாலும் அது லஞ்சம்.”

தன் வழக்கில் தானே சாட்சி சொன்ன வக்கீலை இனி மன்றத்துக்கு அனுப்ப முடியாது என்று மேலதிகாரி முடிவெடுத்தார். போட்டோகொப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை கொடுத்தார்கள். வாடகை ஒப்பந்த மாதிரிகளில் காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் பிறகு அவருக்கு வேலை. ஓய்வு பெறும்வரை அதையே பார்த்தார். மெற்றோவில் வாதாடுவதும் நின்றுபோனது. மடியில் கையை வைத்துக்கொண்டு இருட்டுச் சுரங்கத்தைப் பார்த்தபடி வருவார். யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கோயிலில் மலர் அவரைக் கண்டால் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மற்றப் பக்கம் போவாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போன மாசியில் டோர்வலில், விமானங்கள் தலைக்கு மேலே இரைகிற ஒரு சின்ன அறையில், தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி கேட்ட அன்று பஸ் நிறுத்தத்தில் மலரைக் கண்டேன். இனி என்னோடு கதைக்காமல் விட அவர் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் வந்த பஸ்ஸை விட்டுவிட்டாள். “இவ்வளவு காலமும் ஏன் அக்கா சொல்லேல்லை? அந்த மனுசனைக் கண்டாலே நான் முகத்தைத் திருப்பிறனான்.”

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு வரிசை நாற்காலிக்குள் அடங்கிவிட்டார்கள். வாய்க்கரிசி போட உரித்துக்காரரை வரச் சொல்லி ஐயர் கூப்பிட்டார். கர்க்லாண்டிலிருந்து வந்த தங்கை போட்டார். ஐயர் நிமிர்ந்து, வேறு ஆராவது இருக்கினமோ என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. அப்போது மலர் மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள்.

“நீங்கள் என்ன முறை, பிள்ளை?” என்று ஐயர் கேட்டார்.

“முறை ஒண்டும் இல்லை ஐயா. நாங்கள் இருக்கிற வீடு இவராலைதான்.”

ஐயர் அரிசியை அவள் கையில் கொடுத்தார். நானும் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் நின்றேன். எனக்கும் அவர் ஒரு முறையும் இல்லை.